வாடாத அரளி

கொலைக்கருவியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, மஞ்சள் பையில் வைத்து யாரும் இதுவரை அனுராதாவிடம் கொண்டுவந்ததில்லை.

டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள் பார்கவி. முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாண மேடை, கோயில் பீடம், மாப்பிள்ளை கார் என்று திருநெல்வேலி வட்டாரம் முழுக்கப் பூ அலங்காரம் செய்கிறவள். கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்துப் பெண் வேதக்காரர் வீட்டுச் சர்ச் கல்யாணத்துக்குப் பூ வைக்கிறாளே என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்களே பிறகு தங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவளைத்தான் தேடினார்கள். அப்படி ஒரு கை.

"திறந்து பாருங்க மேடம்."

அனுராதாவின் உதவியாளன் ஹெப்ரான் முந்திக்கொண்டு திறந்தான். உள்ளே ஒரு பிடி பச்சரிசி. அரிசிமேல் ஒற்றை வெள்ளை அரளிப்பூ.

"சாவுக்கு வாய்க்கரிசியையும் கையோட கொண்டாந்துட்டீங்களா?" என்றான்.

பார்கவி சிரிக்கவில்லை. அனுராதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழரத வீதியில் போகிற டவுன் பஸ்ஸைக் கவனிப்பவன்போல் நின்றான். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் அவன். அழுகிற வீட்டில் சிரிக்க வைப்பதும் சிரிக்கிற வீட்டில் தும்முவதும் அந்தக் காலத்துப் பழக்கம்.

"நடந்ததைச் சொல்லுங்க," என்றாள் அனுராதா.

பார்கவி சொன்னாள். பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கபிரியேலின் மகள் ஜெனோவுக்குப் போன திங்கட்கிழமை கல்யாணம். கோயிலில் பூசை முடிந்து, பக்கத்து மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் ஐந்தடுக்குக் கேக். கேக் செய்தது விக்டோரியா. அதன்மேல் பூ வைத்தது பார்கவி. பல வருஷமாக இருவரும் சேர்ந்துதான் செய்கிறார்கள். காலையில் ரோஜாவை வைத்து முடித்ததும் பார்கவி பீடத்தை அலங்கரிக்கக் கோயிலுக்குப் போய்விட்டாள். கேக் வெட்டப் போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை போட்ட கூப்பாட்டில் மண்டபமே எழுந்து நின்றது. வெள்ளை ரோஜாக்களுக்கு நடுவே ஒரு கொத்து அரளி.

"அதுக்கு முன்னாலயே ஒரு சின்னப் பிள்ளை கேக்கை விரலால தொட்டு நக்கியிருக்கா. அவ அம்மா தொண்டைக்குள்ள விரலை விட்டு வாந்தி எடுக்க வச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க."

"பிள்ளைக்கு?"

"ஒண்ணும் ஆகல. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆனா கேக்கை வெயில்ல இழுத்துப் போட்டு, அப்புறம் குழி வெட்டிப் புதைச்சுட்டாங்க. யாரும் கையால தொடல. மாப்பிள்ளை வீட்டுல பாதிப் பேர் சாப்பிடாமக் கிளம்பிட்டாங்க. ஜெனோ மேடையிலேயே உட்கார்ந்து அழுதா." பார்கவி மூச்சை இழுத்துக்கொண்டாள். "பூ வச்சவ நான். அதனால விஷம் வச்சவளும் நான். கபிரியேல் சார் போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டார். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

புகைப்படம் வாட்ஸாப்பில் தூத்துக்குடி வரைக்கும் போய்விட்டது. கையிலிருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. சென்னையில் ஒரு பெரிய அலங்காரக் கம்பெனியில் அவள் சேர்வதாக இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

"இந்தப் பூ உங்க கைக்கு எப்படி வந்தது?"

"கேக்கை இழுத்துட்டுப் போறப்ப ஒண்ணைக் கிள்ளி எடுத்தேன்."

"விக்டோரியா என்ன சொல்றாங்க?"

பார்கவி டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா போனை எடுக்கல," என்றாள் கடைசியில். "யார் வச்சதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம். எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதும்."

எழுந்து போய்விட்டாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் தயங்கித் தயங்கி இறங்கியது.

அந்தக் கடைசி வாக்கியம் அனுராதாவுக்கு உறுத்தியது. நாளை ஸ்டேஷனில் நிற்கப் போகிறவள், ஊருக்கே சொல்லுங்கள் என்றல்லவா கேட்க வேண்டும்?

சாய்கிருஷ்ணன் இருந்திருந்தால் இந்நேரம் எதிரில் உட்கார்ந்து, "நீ பார்கவி. நான் போலீஸ். சொல்லு," என்று ஆரம்பித்திருப்பான். கணவன் மனைவி இருவருமாகத் தொடங்கிய நிறுவனம் இது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போலிக் கணக்குகளைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், வேலையை விட்டுவிட்டு வந்து, அல்வாக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தார்கள். மாரடைப்பில் அவன் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. விசாரணை அறிக்கைகளில் 'நாங்கள் விசாரித்த வகையில்' என்றே இன்னும் அனுராதா எழுதுகிறாள். கட்சிக்காரர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை.

மத்தியானம் ஹெப்ரான் வெளியே போனான். அனுராதா டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச் சாதத்தைச் சாப்பிட்டாள். தனியாகச் சாப்பிடுவதில் ஒரு கஷ்டம், அது சீக்கிரம் முடிந்துவிடும். கையைக் கழுவிவிட்டு வந்தபோது மேஜையில் ஒரு கறுப்புக்கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எறும்புகள். தயிர்ச் சாதத்தின் பக்கம் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த எவர்சில்வர் டப்பாவின் விளிம்பேறி, அரிசியைக் கடந்து, அரளிப்பூவின் நடுக்குழிக்குள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹெப்ரான் போனை நீட்டியபடி உள்ளே வந்தான்.

"கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் என் கூட்டாளி மேடம். ரெண்டு படம் தந்தான். இது கேக் மேடைக்கு வந்தப்ப. இது வெயில்ல இழுத்துப் போட்ட பிறகு. பாருங்க, ரோஜாவெல்லாம் தலை தொங்கிப் போச்சு. இந்த அரளி மட்டும் கவர்மென்ட் உத்தியோகம் பாக்குத மாதிரி இருக்கு. ஒரு வாட்டம் இல்ல."

அனுராதா இரண்டு படங்களையும் பார்த்தாள். பிறகு எறும்புகளைப் பார்த்தாள். பூவை எடுத்து ஊதினாள். ஓர் இதழைக் கடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஹெப்ரான் அலறியது கீழே அல்வாக் கடைக்குக் கேட்டிருக்கும். "மேடம்! துப்புத் துலக்குதவங்க முதல்ல துப்பணும்! துப்புங்க!"

அவள் மென்று விழுங்கினாள்.

"இனிக்குது," என்றாள்.

"அரளி இனிக்குதா?"

"சர்க்கரை. சர்க்கரையும் பசையும் பிசைஞ்சு செஞ்ச பூ. அந்தக் கேக்குல விஷமே கிடையாது, ஹெப்ரான். அன்னைக்கு அத்தனை பேரும் குழி வெட்டிப் புதைச்சது நல்ல கேக்கை."

"அப்ப கேஸே முடிஞ்சுது. இப்பவே ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டர் வாயில ஒரு இதழ் போட்டா..."

"பார்கவி விஷம் வைக்கலன்னு ஆகும். சரி. ஆனா இவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தர் இதைச் செஞ்சு வச்சிருக்காங்க. யாருக்கும் உயிர்ச்சேதம் வரக்கூடாது, பூக்காரி பேர் மட்டும் கெடணும். அப்படி நினைச்ச ஆள் யாரு? நம்மகிட்ட அவ கேட்டது அதைத்தான்."

ஹெப்ரான் தலையைச் சொறிந்தான். "நம்மன்னா நானும் உண்டுல்லா மேடம்?"

அனுராதா ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

தச்சநல்லூரில் அலெக்ஸின் கேக் கடை கண்ணாடியும் குளிருமாக இருந்தது. அவனைத்தான் ஹெப்ரான் முதலில் சந்தேகப்பட்டான். கபிரியேல் வீட்டுக் கல்யாணக் கேக்கை அலெக்ஸ்தான் செய்வதாக இருந்து, கடைசியில் அது விக்டோரியாவுக்குப் போனது. அந்தக் கோபத்தில் அவர்களுடைய கூட்டை உடைக்க அவன் எதுவும் செய்யலாம் என்பது ஹெப்ரானின் கட்சி.

அலெக்ஸ் கையில் கிரீமோடு வந்தான். டப்பாவைத் திறந்து காட்டியதும் அவன் பின்வாங்கவில்லை. சிரித்தான்.

"யாரு மேடம் கடிச்சது?"

"நான்தான். உங்களுக்கு இது என்னன்னு உடனே தெரிஞ்சிடுச்சு."

"தெரியாமலா?" அவன் கையைத் துடைத்துக்கொண்டு பூவைக் காம்போடு எடுத்து வெளிச்சத்தில் சுற்றினான். சிரிப்பு மெல்ல அடங்கியது. "நான் செஞ்சா அச்சுல வெட்டுவேன். எல்லா இதழும் ஒண்ணு போல வரும். கல்யாணத்துக்கு வாரவன் பூதக்கண்ணாடியோடயா வாரான்? ஆனா இதுல பாருங்க, அஞ்சு இதழும் அஞ்சு விதம். ஒண்ணுல பூச்சி அரிச்ச தழும்பு கூட இருக்கு. கடவுளே, தழும்பு வரைக்கும் செஞ்சிருக்காங்க."

"யாரு?"

அவன் பூவை அரிசிமேல் பதமாக வைத்தான். "என்னைச் சொல்ல வைக்காதீங்க மேடம்."

"நாளைக்கு ஒரு பொண்ணு ஸ்டேஷன்ல நிக்கணும், அலெக்ஸ்."

வாசலில் ஒரு லாரி நெடுநேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"விக்டோரியா அக்கா," என்றான் அலெக்ஸ். "எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவங்க அவங்கதான். இந்த ஜில்லாவுல வேற ஆளுக்கு இந்தக் கை கிடையாது. ஆனா பார்கவியோட சேர்ந்த பிறகு சர்க்கரைப்பூ செய்யுததையே விட்டுட்டாங்க. நிஜப்பூ இருக்கும்போது பொய்ப்பூ எதுக்குன்னு சொல்லுவாங்க. அவங்க ஏன் தன்னோட கேக்குல தானே..." அவன் முடிக்கவில்லை.

வெளியே வந்ததும் ஹெப்ரான் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"எதிராளி சாட்சி சொல்லுதான். கூட்டாளி குழி வெட்டுதா. இதென்ன மேடம், தேர்தல் மாதிரி இருக்கு?"

அனுராதா வண்டியைக் கிளப்பினாள். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது கீழே தாமிரபரணி நிறையத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் யாரோ துணியை அடித்துத் துவைக்கிற சத்தம் கை ஓங்கிய பிறகு சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. டப்பா பின்னால் ஹெப்ரானின் மடியில் இருந்தது. அதைப் பற்றி அவள் இன்னொன்றையும் யோசித்துக்கொண்டு வந்தாள். யோசித்தது சரியாக இருக்கக்கூடாது என்றும் நினைத்தாள்.

விக்டோரியாவின் வீடு சமாதானபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. முன்னறைதான் கேக் செய்யுமிடம். ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்த உடம்பு, முழங்கை வரைக்கும் மாவுத் தூசி. மணப்பாட்டுக்காரி. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. தம்பி கப்பலில் வேலை. கடற்கரை வீடு பூட்டிக் கிடக்கிறது. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை, பாலத்தைத் தாண்டி வருவதற்குள் ஹெப்ரான் யார் யாருக்கோ போன் போட்டுக் கேட்டு வைத்திருந்தான்.

யார் என்ன என்று அனுராதா சொல்லி முடிப்பதற்குள் ஹெப்ரான் டப்பாவை மேஜைமேல் வைத்துத் திறந்தான்.

விக்டோரியா எட்டிப் பார்த்தாள். மறுக்கவில்லை. அழவும் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அனுராதாவுக்குப் போட்டுவிட்டு, அடுப்பைத் தணித்தாள்.

"புதைச்சதுல எல்லாம் போயிட்டுன்னு நினைச்சேன்," என்றாள்.

"ஏன் செஞ்சீங்க?"

"தெரியல."

"தெரியாம இதழ்ல தழும்பு வைக்க முடியாதுங்க. நாலைஞ்சு நாள் வேலை இது."

விக்டோரியா மேஜையில் கிடந்த மாவுப் பொடியை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினாள். மறுபடியும் கலைத்தாள்.

"காலையில மார்க்கெட்டுல நின்னுக்கிட்டு போன் போடுவா," என்றாள். "அக்கா, இன்னைக்கு மஞ்ச ரோஜா நல்லா வந்திருக்கு, வெளிறின மஞ்ச. உங்க கிரீமை அதுக்குத் தக்கனக் கலக்குங்கம்பா. நான் இங்கன கலந்து படம் எடுத்து அனுப்புவேன். இன்னும் கொஞ்சம் பால் ஊத்துங்கம்பா. எங்க நான் இடம் விடணும், எங்க அவ பூவைக் குறைக்கணும், எல்லாம் பேசிப் பேசித்தான். நான் மொத்தமா ஒரு நாளைக்குப் பேசுத பேச்சே அவ்வளவுதான் மேடம். கேக்கைக் கொண்டு இறக்கிட்டா அங்கன எனக்கு வேலை இல்ல. எல்லாரும் அதுகூட நின்னு படம் எடுப்பாங்க. நான் பைய வந்துருவேன். கேக்கு மட்டமா இருக்கணும்னு மேல சீவி எடுப்போம்லா, அந்தத் துண்டுதான் எனக்கு அன்னைக்குச் சாப்பாடு. அவ வந்தாத்தான் சோறு வைப்பேன்."

ஹெப்ரான் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"அவ சென்னைக்குப் போறேன்னு சொன்னா. நல்லதுதான, போம்மான்னு நானே சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பொறவு ராவும் பகலும் அதே நினைப்பு. அன்னைக்கு அவ கோயிலுக்குப் போனதும் கொத்தை வச்சுட்டு அங்கனயே நின்னுட்டேன். கல்யாண வீட்டுல நாலு பேரு ஏசுவாங்க, அந்தக் கொத்தைப் பிடுங்கிப் போட்டுட்டுக் கேக்கை வெட்டுவாங்க, அம்புட்டுத்தான்னு நினைச்சேன். பேச்சு சென்னை வரைக்கும் போவும். அவங்க வேண்டாம்னுருவாங்க. இவ இங்கனயே இருந்துருவா." குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "அந்தப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடும்போது, அது சக்கரைதான், அது சக்கரைதான்னு கத்தணும்னு நெஞ்சு வரைக்கும் வந்துட்டு. வாய் திறக்கல. தாய் பெத்த பிள்ளை, விரலை விட்டு விட்டு வாந்தி எடுக்க வைக்காங்க. நான் தூணோட நின்னு பாத்துக்கிட்டு நிக்கேன். சண்டாளி."

அனுராதாவுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அது தனியாக வரவில்லை. எதிரில் ஆளில்லாத அறையில் தானும் வாய்விட்டுப் பேசிப் பார்த்த சாயங்காலங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது.

"அவளுக்கு நீங்க சொல்லிருவீங்க," என்றாள் விக்டோரியா. "சொல்லணும்தான். ஆனா அவ எம் மூஞ்சில முழிக்க மாட்டா."

"சர்க்கரைப்பூவை எதுல வச்சுப் பாதுகாப்பீங்க?"

சம்பந்தமில்லாத கேள்வியில் விக்டோரியா விழித்தாள். "அரிசியில. ஈரம் பட்டா துவண்டுரும். அரிசி ஈரத்தை இழுத்துக்கிடும்."

"இதைப் பார்கவிக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"நான்தான். ஆரம்பத்துல..." அவள் நிறுத்தினாள். பார்வை டப்பாவுக்குள் இருந்த பச்சரிசிக்குப் போனது.

"அந்த அரிசி நான் போட்டதில்ல," என்றாள் அனுராதா. "இப்படியேதான் எங்கிட்ட கொண்டுவந்தா. நிஜமான பூவை ஒரு பூக்காரி எதுல சுத்திக் கொண்டுவருவா? ஈரத்துணியில. இல்லன்னா வாழை இலையில. அரிசியில வைக்க மாட்டா. கிள்ளி எடுத்த அந்த நிமிஷமே அவளுக்கு இது சர்க்கரைன்னு தெரியும். சர்க்கரைன்னு தெரிஞ்சா யார் கைன்னும் தெரியும்."

வாசற்படியிலிருந்து ஹெப்ரான் எழுந்தான். "அப்ப அங்கனயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்! இது சீனின்னு வாயில போட்டுக் காட்டியிருந்தா இவ்வளவு தூரம் ஏன் வருது? போலீஸ் எதுக்கு, நாம எதுக்கு?"

"சொன்னா அடுத்த கேள்வி, செஞ்சது யாருன்னுதான?"

ஹெப்ரான் விக்டோரியாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"தான் நினைச்சது தப்புன்னு யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொல்லிர மாட்டாங்களான்னுதான் அவ எங்கிட்ட வந்திருக்கா," என்றாள் அனுராதா. "வேற யாரோ ஒரு எதிரி, வேற யாரோ ஒரு கைகாரங்க இருக்கணும்னு. என்னால அப்படிச் சொல்ல முடியாது. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

விக்டோரியா இப்போது அழுதாள். சத்தமில்லாமல், மாவுக்கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, கன்னமெல்லாம் வெள்ளையாக. பிறகு அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினாள்.

"கபிரியேல் அண்ணாச்சி வீட்டுக்கு வண்டியில இடம் இருக்குமா?" என்றாள்.

ஹெப்ரான் ஆட்டோவில் பின்னால் வந்தான். கபிரியேலின் வீட்டில் மறுவீட்டு விருந்துக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். கல்யாணப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. விக்டோரியா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, டப்பாவிலிருந்து மிச்சப் பூவை எடுத்து எல்லார் முன்னாலும் தின்றாள். இரண்டு முறை விக்கினாள்.

கபிரியேல் கத்தினார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. தெருவில் ஆட்கள் கூடினார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு புதுப்பெண் ஜெனோ உள்ளேயிருந்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் கல்யாணந்தானா கிடைச்சுது உங்களுக்கு?"

விக்டோரியா தலையைக் குனிந்து நின்றாள். அப்போதுதான் அனுராதா வாசலைக் கவனித்தாள். ஹெப்ரான் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பார்கவி நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. விக்டோரியா வெளியே இறங்கி வந்தபோது இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவரையொருவர் கடந்தார்கள்.

"அக்கா," என்றாள் பார்கவி.

மறுநாள் கபிரியேல் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மகள் சொன்னதால் என்றார். இன்ஸ்பெக்டர் விக்டோரியாவை அரை நாள் பெஞ்சில் உட்காரவைத்துத் திட்டி அனுப்பினார். அரளி சர்க்கரை என்கிற சேதியும் வாட்ஸாப்பில் போனது, முதல் சேதி போன வேகத்தில் இல்லாவிட்டாலும். சென்னைக் கம்பெனி பார்கவியை உடனே வரச் சொன்னது.

அவள் கிளம்பிய அன்று காலை ரயில். நேரம் இருந்தா வாங்க மேடம் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாள். வழியனுப்ப வேறு ஆள் இல்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. அனுராதா ஹெப்ரானையும் கூட்டிக்கொண்டு ரயில் சந்திப்புக்குப் போனாள்.

"ஒரு சூட்கேஸ்தானா?" என்றான் ஹெப்ரான். "பூக்காரங்க வீடு மாத்துதாங்கன்னா ஒரு லாரி ரோஜா வரும்னுல்லா நினைச்சேன்."

பார்கவி லேசாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அனுராதா திரும்பிப் பார்த்தாள். பிளாட்பாரத்தில் குடிதண்ணீர்க் குழாய்க்கு அப்பால், வருகிறவர் போகிறவருக்கு இடைஞ்சலாக, விக்டோரியா நின்றிருந்தாள். கிட்டே வரவில்லை. போகவும் இல்லை.

ரயில் புறப்பட அறிவிப்பு வந்தது. பார்கவி ஏறிக் கதவோரம் நின்றாள். அனுராதாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தவள், அதை விட்டுவிட்டு, அவள் தலைக்கு மேலாகக் குரலை உயர்த்தினாள்.

"அக்கா! பூவை அப்படியே கேக்குல குத்திராதீங்க. காம்புல பால் இருக்கும். பச்சை டேப் நல்லா சுத்திட்டு அப்புறம் வைங்க. எந்தப் பூவா இருந்தாலும்!"

விக்டோரியா தலையாட்டினாள். கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது. ரயில் சத்தமில்லாமல் நகர ஆரம்பித்தது. அவள் இன்னும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள், உள்ளிருந்து பார்த்தால் தெரியுமோ தெரியாதோ.

கடைசிப் பெட்டியும் போய்விட்டது. பிளாட்பாரம் காலியாகிக்கொண்டிருந்தது. தேநீர்க்காரர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிளாட்பாரத்துக்குப் போனார். ஹெப்ரான் வண்டி எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

விக்டோரியா மெல்ல நடந்து அனுராதாவின் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"மேடம்," என்றாள். "அந்தப் பச்சை டேப் எந்தக் கடையில விக்கும்? எனக்குத் தெரியாது. எப்பவும் அவதான் கொண்டாருவா."

அனுராதாவுக்கும் தெரியவில்லை. "வாங்க," என்றாள். "கேட்டுப் பார்ப்போம்."